எட்டிப் பிடிக்க பிரேக் போட வேண்டிய இடம்

விண்கலத் தொடர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. வேற்றுலகத்தார் கலத்தின் ஊழியர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அவரோடு பணியாற்றும் அதிகாரி இருக்கையை விட்டு எழுந்து ‘முழு வேகம்’ என்று உத்தரவிடுகிறார். கலம் சட்டென்று திரும்புகிறது, நட்சத்திரங்கள் கோடுகளாக நீள்கின்றன, அடுத்த விளம்பர இடைவேளைக்குள் எதிரியை எட்டிப் பிடித்தாகிவிட்டது. நமக்கும் அது நியாயமாகவே படுகிறது. நியூஜெர்சி டர்ன்பைக்கில் முன்னால் போகும் நண்பரின் காரைப் பிடிக்க வேண்டுமென்றால் ஆக்சிலரேட்டரைத்தானே மிதிக்கிறோம்? வானத்தில் மட்டும் வேறு கணக்கா என்று தோன்றும். வேறு கணக்குதான். 1965 ஜூன் 3 அன்று உண்மையான விண்கலத் தளபதி ஒருவர் இதைச் செய்து பார்த்தார். முன்னால் போன பொருளை நோக்கி உந்துபொறியை இயக்க இயக்க, அது அவரை விட்டு விலகிக்கொண்டே போனது.

அவர் ஜேம்ஸ் மெக்டிவிட். கலம் ஜெமினி 4. டெக்சாஸின் ஹூஸ்டனில் புதிதாகக் கட்டிய கட்டுப்பாட்டு மையம் முழுப் பொறுப்பெடுத்து நடத்திய முதல் பயணம் அது. கலத்தை மேலே கொண்டுவந்து விட்ட டைட்டன் ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கு, வேலை முடிந்து அருகிலேயே மிதந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் போய் நிற்பதுதான் அவருக்குத் தரப்பட்ட பயிற்சி. அது கண்ணுக்குத் தெரிந்தது, விளக்கும் மினுங்கியது. மூக்கை அதன் பக்கம் திருப்பி உந்தினார், இடைவெளி குறையவில்லை. மறுபடி உந்தினார், அது இன்னும் தள்ளிப் போனது. கையிருப்பு எரிபொருளில் ஏறக்குறைய பாதி தீர்ந்த பிறகு முயற்சியைக் கைவிட வேண்டியதாயிற்று. மெக்டிவிட் தேர்ந்த சோதனை விமானி, அவருடைய கையில் குறையில்லை. தரையிலும் காற்றிலும் ஆயிரம் முறை உண்மையாக இருந்த ஒரு பழக்கம் அங்கே பொய்த்துப் போனது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான்: விண்வெளியில் ஒருவரை நம்மிடமிருந்து பிரித்து வைத்திருப்பது தூரம் என்று நினைக்கிறோம், ஆனால் உண்மையில் பிரித்து வைத்திருப்பது அவர் போகும் பாதை. அந்தப் பாதை, கலம் ஏவுதளத்தை விட்டுக் கிளம்பும் முன்பே முடிவாகிவிடுகிறது.

பாதை என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கலாம். பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கே ஈர்ப்பு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். தரையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு அங்கும் இருக்கிறது. நிலையம் கீழே விழுந்துகொண்டுதான் இருக்கிறது, ஒவ்வொரு நொடியும் நாலே கால் மீட்டருக்குச் சற்று அதிகமாக. ஆனால் அதே நொடியில் அது பக்கவாட்டில் ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிடுகிறது. பூமி உருண்டையானது என்பதால் அந்த ஏழரைக் கிலோமீட்டரில் தரையும் அதே நாலே கால் மீட்டர் கீழே வளைந்துவிடுகிறது. விழுவதும் தரை விலகுவதும் சரிக்குச் சரியாக இருப்பதால் விழுந்து முடிவதே இல்லை. இந்த முடிவில்லாத வீழ்ச்சியைத்தான் சுற்றுப்பாதை என்கிறோம். கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றும் உவமையைப் பள்ளியில் சொல்வார்கள். இங்கே அது வழிதவறச் செய்யும். கயிற்றில் கட்டிய கல்லை வேகமாகச் சுழற்றினாலும் கயிற்றின் நீளம் மாறாது. வானத்தில் அப்படிக் கயிறு எதுவும் இல்லை. வேகம் மாறினால் பாதையே மாறிவிடும்.

எப்படி மாறும் என்பதற்கு ஒரு பந்து போதும். மொட்டை மாடியில் நின்று பந்தை மேலே போட்டுப் பிடியுங்கள். மெதுவாகப் போட்டால் உடனே கைக்கு வரும். வேகமாகப் போட்டால் உயரப் போய், உச்சியில் தயங்கி, நேரம் கழித்து வரும். வேகம் கூடியது, திரும்பி வரும் நேரமும் கூடியது. சுற்றுப்பாதையில் நடப்பதும் இதுதான். முன்னால் போகும் கலத்தைப் பிடிக்கலாம் என்று நீங்கள் வேகத்தைக் கூட்டினால், உங்கள் கலம் பூமியின் மறுபக்கம் போகும்போது முன்பைவிட உயரமாக ஏறும். ஏற ஏற வேகம் கரையும், சுற்றும் நீளும். கிளம்பிய இடத்துக்கு நீங்கள் திரும்பி வருவதற்குள் உங்கள் கூட்டாளி அதைக் கடந்து போயிருப்பார். மாறாக, வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் கலம் கீழே சரியும், உள்வட்டத்தில் ஓடும், சுற்று சுருங்கும், நீங்கள் முந்துவீர்கள். நிலையத்தின் உயரத்தில் வெறும் 10 கிலோமீட்டர் கீழே இருந்தால் போதும், ஒவ்வொரு சுற்றுக்கும் 90 கிலோமீட்டருக்கு மேல் முன்னேறலாம். முன்னால் போகிறவரைப் பிடிக்க முதலில் பிரேக் போட வேண்டும். பிறகு, சரியான இடத்தில் மேலே ஏறி அவர் பக்கத்தில் போய்ச் சேர வேண்டும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும்தானா என்று கேட்பவர்களுக்கு வானமே சாட்சி. நிலையம் 93 நிமிடங்களுக்குள் பூமியைச் சுற்றி வந்துவிடுகிறது. வீட்டுக் கூரையில் இருக்கும் டிஷ் ஆன்டெனா பார்த்துக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள் கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் போய், ஒரு சுற்றுக்கு ஒரு நாள் எடுத்துக்கொள்கிறது. நிலா நொடிக்கு ஒரு கிலோமீட்டர்தான் நகர்கிறது. சுற்றி முடிக்க 27 நாட்களுக்கு மேல் ஆகிறது. உயரத்தில் இருப்பது மெதுவாகவும், தாழ்ந்து இருப்பது வேகமாகவும் சுற்றும். கெப்ளர் 400 ஆண்டுகளுக்கு முன் கோள்களை வைத்துக் கண்டது இந்த ஒழுங்கைத்தான். 1965-இல் பொறியாளர்களுக்கும் இது தெரியும். தெரிந்தது, கலத்தை ஓட்டுபவரின் கைக்குள் இன்னும் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

அதைக் கைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் நியூஜெர்சிக்காரர். கிளென் ரிட்ஜில் பிறந்து மான்ட்கிளேரில் வளர்ந்த பஸ் ஆல்ட்ரின், நிலவில் இரண்டாவதாகக் கால் வைத்தவராகவே நினைவில் நிற்கிறார். என் கணிப்பில் அவருடைய பெரிய பங்களிப்பு அதற்கு ஆறு ஆண்டுகள் முந்தையது. 1963-இல் எம்ஐடியில் அவர் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வு, மனிதர்கள் ஓட்டும் இரு கலங்கள் சுற்றுப்பாதையில் ஒன்றையொன்று எப்படிக் கண்டு, எப்படி நெருங்குவது என்பதைப் பற்றியது. ஆங்கிலத்தில் ராண்டெவு என்று வழங்கும் இந்த வித்தையை விண்சந்திப்பு என்று சொல்லலாம். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில், ஒரே திசையில் இரு கலங்கள் இருக்க வேண்டும். நான்கில் ஒன்று தவறினாலும் அது சந்திப்பு ஆகாது, மோதலாகும் அல்லது வெறும் கடந்துபோதலாகும். 1965 டிசம்பர் 15 அன்று விண்வெளி வீரர்கள் ஷிர்ராவும் ஸ்டாஃபோர்டும் ஜெமினி 6ஏ கலத்தைத் தாழ்ந்த பாதையிலிருந்து படிப்படியாக உயர்த்தி, ஜெமினி 7-க்கு ஓர் அடி தூரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். இரண்டும் நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தன, ஆனால் ஜன்னல் வழியாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடிந்தது. அடுத்த நவம்பரில் ஜெமினி 12-இல் ரேடார் பழுதானபோது, ஆல்ட்ரின் கையிலிருந்த கோணமானியையும் முன்பே கணக்கிட்டு வைத்திருந்த அட்டவணைகளையும் கொண்டே கலத்தை இலக்கிடம் சேர்க்க வழிகாட்டினார்.

இந்த இடத்தில் கதைப் பக்கமிருந்து ஒரு நியாயமான கேள்வி வரும். நம் எஞ்சின்கள் எளியவை, அதனால் பூமியின் ஈர்ப்போடு ஒத்துப்போக வேண்டியிருக்கிறது. எல்லையற்ற சக்தி கொண்ட நட்சத்திரக் கலத்துக்கு இந்தக் கட்டுப்பாடு ஏன்? சக்தி வரம்பில்லாமல் இருந்தால் நேர்கோட்டில் பாயலாம் என்பது உண்மை. ஆனாலும் பாதிவழியில் கலத்தைத் திருப்பி, பின்புறத்தை முன்னே காட்டி, அத்தனை வேகத்தையும் இறக்கியாக வேண்டும். பாய்ந்து போய் நிற்காமல் கடந்துபோகிற கலத்தால் யாரையும் ஏற்றிக்கொள்ள முடியாது. சிறைபிடிக்க வந்த வேற்றுலகத்தாருக்கும் இதே விதிதான். ஒருவரைப் பிடித்துச் செல்ல வேண்டுமென்றால், அவரோடு ஒரே வேகத்தில் ஒரே திசையில் சற்று நேரமாவது உடன் சென்றே ஆக வேண்டும். எஞ்சின் பெரிதானால் நேரம் குறையும். வேகத்தை ஒப்பாக்கும் வேலை மட்டும் மறையாது.

உயரத்தையும் வேகத்தையும் இப்படிப் பொறுமையாகச் சரிசெய்துவிடலாம். எளிதில் சரிசெய்ய முடியாத இன்னொன்று இருக்கிறது, பாதையின் சாய்வு. ஒரு பந்தின் மேல் இரண்டு வளையல்களைப் பொருத்திப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவுதான், ஆனால் ஒன்றைச் சாய்த்து வைத்தால் இரண்டே இடங்களில் மட்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். அந்த இடங்களில் இரு கலங்களும் ஒரே கணத்தில் வந்து சேர்ந்தாலும், நாற்சந்தியில் குறுக்கும் நெடுக்கும் பறக்கும் லாரிகள் போலத்தான் வரும். ஒரு வளையலிலிருந்து மற்றதற்கு மாற, ஓடும் திசையையே திருப்ப வேண்டும். நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில் திசை திருப்புவது, விண்வெளியில் இருப்பதிலேயே விலை கூடிய காரியம்.

2003 ஜனவரியில் ஏழு பேர், தாங்கள் அறியாமலே, அந்த விலையின் நடுவில் சிக்கியிருந்தார்கள். ஜனவரி 16 அன்று கிளம்பிய கொலம்பியா விண்ணோடத்தின் தளபதி ரிக் ஹஸ்பண்ட் டெக்சாஸின் அமரில்லோவில் பிறந்தவர். அவரோடு போனவர்களில் ஒருவரான, கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா டெக்சாஸின் ஆர்லிங்டன் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்து, கொலராடோவில் முனைவரானார். பிறகு 1988 முதல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் உள்ள நாசாவின் ஏம்ஸ் ஆய்வகத்தில், செங்குத்தாக எழும் விமானங்களைச் சுற்றிக் காற்று எப்படிப் பாய்கிறது என்பதைக் கணினியில் கணக்கிடும் பணியைச் செய்தார். புறப்பட்ட 82-ஆவது நொடியை ஒட்டி வெளித்தொட்டியின் காப்புப் பஞ்சில் ஒரு துண்டு பிய்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் அடித்தது. முக்கால் கிலோ எடையுள்ள பஞ்சு. அதை வீடியோவில் பார்த்த பொறியாளர்கள், இறக்கையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று மூன்று முறை கேட்டார்கள், படம் எடுக்கப்படவில்லை. பிப்ரவரி 1 காலையில் திரும்பும் வழியில் விண்ணோடம் சிதைந்து, கிழக்கு டெக்சாஸின் காடுகளிலும் வயல்களிலும் விழுந்தது.

பஞ்சு எப்படி ஓட்டை போடும் என்று அன்று பலரும் நம்ப மறுத்தார்கள். இதற்கும் விடை நாம் பேசிவந்த ஒப்பு வேகம்தான். பஞ்சு பாய்ந்து வந்து அடிக்கவில்லை. ஒலியைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகத்தில் போய்க்கொண்டிருந்த கலத்திலிருந்து பிரிந்ததும், எடை குறைந்த அந்தத் துண்டின் வேகத்தைக் காற்று சட்டென்று குறைத்துவிட்டது. பின்னால் வந்த இறக்கை அதன் மேல் போய் மோதியது. இதை ஊகமாக விடாமல் சான் அன்டோனியோவின் தென்மேற்கு ஆய்வு நிறுவனத்தில் சோதித்தார்கள். அழுத்திய வாயுவால் இயங்கும் நீண்ட பீரங்கிக்குள் அதே அளவுப் பஞ்சுக் கட்டியை வைத்து, உண்மையான விண்ணோட இறக்கையிலிருந்து கழற்றிய விளிம்புத் தகட்டின் மேல் மணிக்கு 850 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் சுட்டார்கள். 2003 ஜூலை 7 அன்று நடந்த சோதனையில் தகட்டில் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. ஒரு ஆள் தலையையும் தோளின் ஒரு பகுதியையும் உள்ளே விடலாம். அதன் பிறகு பஞ்சு பற்றிய வாதம் அடங்கியது.

சரி, சேதம் தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியுமா? பலர் மனதில் முதலில் எழுவது, பக்கத்து நிலையத்துக்குப் போயிருக்கலாமே என்பது. அப்போது நிலையத்தில் மூவர் இருந்தார்கள், காற்றும் உணவும் இருந்தன. ஆனால் கஜகஸ்தானில் ரஷ்யா நடத்தும் பைக்கனூர் ஏவுதளத்திலிருந்தும் எட்ட வேண்டும் என்பதற்காக நிலையத்தின் பாதை நிலநடுக்கோட்டுக்கு 51.6 பாகை சாய்ந்திருந்தது. அறிவியல் சோதனைகளுக்காகப் போன கொலம்பியாவின் பாதை 39 பாகை. வித்தியாசம் பன்னிரண்டரைப் பாகைதான். காகிதத்தில் ஒரு சிறு கீற்று. அதைக் கடக்க, கலத்தின் வேகத்தில் நொடிக்கு 1.7 கிலோமீட்டர் அளவுக்கு மாற்றம் வேண்டும். தொட்டி நிறைய எரிபொருள் இருந்தாலும் ஒரு விண்ணோடம் சுற்றுப்பாதையில் செய்யக்கூடிய மாற்றம் நொடிக்குச் சுமார் 0.3 கிலோமீட்டர். நிலையம் அவர்கள் தலைக்கு மேலே வானில் எங்கோ இருந்தது. பாதைக் கணக்கில் அது வேறு கண்டத்தில் இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் கீழே இருந்து ஒரு கலம் போயிருக்க முடியும். சாய்வு மேலே போன பிறகுதான் மாற்ற முடியாததே தவிர, கிளம்பும்போது தேர்ந்துகொள்ளலாம். பூமி சுழல்வதால் ஏவுதளம் கொலம்பியாவின் வளையலுக்கு நேர் கீழே வரும் நேரம் நாள்தோறும் உண்டு. கலியாண முகூர்த்தம் போல அந்தச் சில நிமிடங்களுக்குள் ஏவினால் புதிய கலமும் அதே வளையலில் ஏறும். விபத்தை ஆராய்ந்த குழு இதையே நாசாவிடம் கணக்கிடச் சொன்னது. மற்றொரு விண்ணோடமான அட்லாண்டிஸ் அப்போது மார்ச் மாதப் பயணத்துக்காகத் தயாராகிக்கொண்டிருந்தது. இரவு பகலாக வேலை செய்தால் பிப்ரவரி 10 வாக்கில் ஏவலாம். கொலம்பியாவில் மூச்சுக்காற்றின் கரியமில வாயுவை உறிஞ்சும் லித்தியம் ஹைட்ராக்சைடு, பயணிகள் அசையாமல் ஓய்வெடுத்தால் பிப்ரவரி 15 வரை தாங்கும். இடையில் ஐந்தே நாட்கள். அட்லாண்டிஸில் நால்வர் போக வேண்டும். இரு ஓடங்களும் வயிற்றுப் பக்கம் வெளியே, சரக்கறை சரக்கறையைப் பார்க்க, மணிக்கணக்காக ஒன்றையொன்று உரசாமல் மிதக்க வேண்டும். விண்உடை அணிந்தவர்கள் ஏழு பேரையும் ஒருவர் பின் ஒருவராக இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டும். அரிது, ஆனால் முடியாததில்லை என்று 2003 ஆகஸ்டில் வந்த அறிக்கை சொன்னது. கல்பனா சாவ்லாவின் பெயரைத் தாங்கிய பள்ளிகளையும் விடுதிகளையும் பார்க்கும்போதெல்லாம் அந்த ஐந்து நாட்கள் நினைவுக்கு வர வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அது எளிதில் தள்ளக்கூடியது அன்று. அட்லாண்டிஸின் தொட்டியிலும் அதே பஞ்சுதானே இருந்தது? ஏழு பேருக்காக இன்னும் நால்வரை அதே ஆபத்தில் தள்ளுவது சரியா? அந்த ஆபத்து உண்மையானது. ஆனால் யார் தாமாக முன்வருவார்கள், எவ்வளவு ஆபத்தை ஏற்பார்கள் என்ற கேள்வியை எழுப்ப, முதலில் இறக்கையைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காததால் அந்தக் கேள்வியைக் கேட்கும் வாய்ப்பே யாருக்கும் கிடைக்கவில்லை. இன்னொரு எதிர்வாதம் அப்பல்லோ 13: 1970 ஏப்ரலில் பூமியிலிருந்து சுமார் 3,30,000 கிலோமீட்டர் தூரத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்த அந்தக் கலத்தை, எந்த மீட்புக் கலமும் போகாமலே ஹூஸ்டன் மீட்டதே? என் வாதத்துக்கு அது சான்றாகவே படுகிறது. நிலவில் இறங்கவென்று உடன் எடுத்துச் சென்ற சிறு கலமே அதிலிருந்த மூவருக்கும் உயிர்காப்புப் படகானது. அப்படிப் பயன்படுத்தலாமா என்று ஹூஸ்டனில் முன்பே யோசித்து வைத்திருந்தார்கள். கரியமில வாயுவை நீக்கும் சதுர வடிப்பானை வட்டத் துளைக்குப் பொருத்தியது கைத்திறன்தான், ஆனால் அந்த வடிப்பானும் பிளாஸ்டிக் பையும் ஒட்டுநாடாவும் அவர்களோடு கிளம்பியவை.

கொலம்பியாவுக்குப் பிறகு கணக்கு மாறியது. ஹப்பிள் தொலைநோக்கியின் பாதை 28.5 பாகைச் சாய்வு, அங்கிருந்தும் நிலையத்துக்குப் போக வழியில்லை. முக்கியமாக அந்தக் காரணத்தால் 2004-இல் ஹப்பிளைப் பழுதுபார்க்கும் பயணத்தை நாசா ரத்து செய்தது. பிறகு முடிவை மாற்றி, 2009 மே 11 அன்று அட்லாண்டிஸ் கிளம்பியபோது, பக்கத்து ஏவுமேடையில் எண்டெவர் விண்ணோடம் நால்வர் குழுவோடு மீட்புக்குத் தயாராக நின்றது. தனி ஆளின் அளவிலும் இதே ஏற்பாடு உண்டு. நிலையத்துக்கு வெளியே வேலை செய்பவர் கயிறு அறுந்து விலகினால், நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள நிலையத்தால் அவரைத் துரத்த முடியாது. அதனால் நைட்ரஜன் வாயுவைப் பீய்ச்சும் சிறு முதுகுப் பையை அமெரிக்க விண்உடையோடு மாட்டி அனுப்புகிறார்கள். மெதுவாக ஓடுபவரின் வேகம் அளவுக்குத்தான் அதில் வாயு இருக்கும். சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் 2024 ஜூனில் போன ஸ்டார்லைனர் கலம் நம்ப முடியாததானபோது, செப்டம்பரில் கிளம்பிய டிராகன் கலத்தில் இரண்டு இருக்கைகளைக் காலியாக விட்டு அனுப்பினார்கள். 2025 மார்ச் 18 அன்று இருவரும் அதில் இறங்கினார்கள். அவர்கள் நிலையத்தில் இருந்ததால், வழக்கமாகப் போகும் கலங்கள் எல்லாமே அவர்களுடைய வளையலில்தான் ஏறின.

செவ்வாய்க்குப் போகும்போது இந்த வசதி இராது. பூமியும் செவ்வாயும் வெவ்வேறு வேகத்தில் சூரியனைச் சுற்றுவதால், இங்கிருந்து அங்கே கலம் அனுப்பும் முகூர்த்தம் 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. ஹூஸ்டனின் ஜான்சன் விண்வெளி மையத்துக்குள் முப்பரிமாண அச்சு முறையில் கட்டிய ஒரு வீட்டில், 2023 ஜூன் 25 முதல் 2024 ஜூலை 6 வரை நால்வர் செவ்வாயில் இருப்பதாகவே பாவித்து வாழ்ந்தார்கள். செங்கல் நிறச் சுவர், செம்மண் பரப்பிய முற்றம், சாப்பாட்டுக்கு அவர்களே வளர்த்த கீரைகள். வெளியே இருந்த கட்டுப்பாட்டுக் குழுவுக்கு ஒரு கேள்வி அனுப்பினால், ரேடியோ அலைகள் செவ்வாயிலிருந்து வர எடுக்கும் காலத்தைக் கணக்கிட்டு, 22 நிமிடங்கள் வரை தாமதித்தே அது போய்ச் சேரும்படி வைத்திருந்தார்கள். பதில் வர இன்னொரு 22 நிமிடங்கள். அதற்குள் செய்ய வேண்டியதை அந்த நால்வரே செய்தார்கள்.